சோடாக்கடை வேப்பமரத்தடியில் ஒரு படையல் கல்

கடை திறக்கும் நேரத்தில் தொண்டூர் பஸ் கண்டக்டர்தான் இறங்கிவந்து சொன்னார்: “செட்டியாரே, சோடாக்கடை மிலிட்டரிக்காரரு தூக்கத்துலயே பூட்டாரு.” நான் நம்பவில்லை. செஞ்சி பஜாரில் பாதிப் பேருடைய மண்டையைப் பதம் பார்த்த கண்ணுசாமி, தூக்கத்தில் சாவதாவது!

அவரை நல்லவர், சாந்தமானவர் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். என் மளிகைக்கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரு தட்டிதான். பஸ் ஸ்டாண்டில் பெண்டாட்டியை எட்டி உதைத்த ஒருவனை, கையிலிருந்த சோடா பாட்டிலாலேயே அடித்து முன்பற்களைக் கழற்றினார். “பேச்சுல அடங்குறவன்கிட்டதான் பேசணும் செட்டியாரே” என்பார். யார் அடங்குவான், யார் அடங்கமாட்டான் என்று தீர்மானிப்பதும் அவர்தான்.

கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அவர் போட்டுவைத்திருந்த கல்லைப் பற்றிக் கேட்டால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். யுத்த காலத்தில் அவரும் தம்பி ஆறுமுகமும் ஒரே பட்டாளத்தில் எகிப்துக்குப் போனவர்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து பழங்காலக் கல்லறை ஒன்றில் பதுங்கியபோது, உள்ளே தாழ்வாக ஒரு கல்மேடை இருந்ததாம். அதில் ரொட்டி, வாத்து, குடம் எல்லாம் செதுக்கி, ஓரமெங்கும் எழுத்து. ஊற்றும் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். காவல்காரக் கிழவர் விளக்கினாராம்: படையல் போடப் பிள்ளைகள் வராமல் போனாலும், அவ்வழியே போகிற யாராவது அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்தால் போதும், செத்தவனுக்குச் சாப்பாடு கிடைத்துவிடும். அடுத்த வாரமே கண்ணிவெடி வெடித்தது. ஆறுமுகத்துக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. “தண்ணி, தண்ணின்னான். எங்கிட்ட இருந்த டப்பாவுல ஓட்ட” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஊர் திரும்பியதும் சிற்பியைப் பிடித்து அதேபோல் ஒரு கல் செய்துவைத்தார். சோறு, கேழ்வரகுக் களி, கெளுத்தி மீன், சொம்பு. கீழே தம்பி பெயர். தினமும் முதல் சோடாவை உடைத்து அதில் ஊற்றிவிட்டு, எழுத்தை உரக்கப் படித்த பிறகுதான் வியாபாரம்.

சில வருஷம் முன்பு ஓர் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் ஒன்று மரத்தடியில் வண்டியை நிறுத்தியது. கல்லைப் பார்த்துப் பலிபீடம் என்று நினைத்துவிட்டார்கள். வாய்க்கால் வெட்டிய கல்லை நம் ஊரில் வேறு எதற்குப் போடுவார்கள்? கடாவை அதன்மேல் வெட்டினார்கள். செதுக்கிய சோற்றின்மேல் ரத்தம் தேங்கி, தண்ணீருக்கான வாய்க்காலில் வழிந்தது.

கண்ணுசாமி அண்ணாத்தை பாட்டிலும் கையுமாகப் பாய்ந்தார். வெட்டியவனின் நெற்றி பிளந்தது. மற்றவர்கள் தடியால் அவர் வலது கையை உடைத்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் என் கடைவரை கேட்டது. அவர் கல்லின்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டார். முதுகில் அடி விழுந்துகொண்டே இருந்தது.

“டேய், எந்தம்பி ரத்தத்த இந்தக் கையால அள்ளுனவன்டா நானு! அவன் சாப்புடுற எடத்துல ரத்தத்த ஊத்துறீங்களேடா!”

அடித்த கைகள் நின்றுபோயின. வெட்டியவன் நெற்றியைத் துண்டால் அழுத்திக்கொண்டு என்னிடம் கேட்டான்: “அதுல இன்னாதான் எழுதியிருக்குது?”

ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் படித்தேன். “சோறு உண்டு, களி உண்டு, மீன் உண்டு, தண்ணீர் உண்டு. ஆறுமுகம், சாப்பிடு.” உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணுசாமி ஓவென்று அழுதார். அண்ணனைத் தவிர இன்னொருவர் அந்தத் தம்பியைச் சாப்பிடச் சொன்னது அன்றுதான்.

அவர் செத்தபின் வந்த போன அமாவாசையன்று அவர் கடை பூட்டிக்கிடந்தது. வேறொரு கூட்டம் கல்லின்மேல் சேவலைக் கிடத்திக் கத்தியை ஓங்கியது. சண்டை என்றால் கடைக்கதவைச் சாத்திக்கொள்கிற ஆள் நான், உங்களுக்கே தெரியும். தராசுப் படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “கத்திய கீழ போடுறா, மண்டைய பொளந்துடுவேன்!” அவர் எனக்கு விட்டுப்போன சொத்து இந்தக் கத்தல்தான். கத்தி விழுந்தது, சேவல் பிழைத்தது. அப்படியே நின்று எழுத்தை உரக்கப் படித்தேன். முடிவில், கல்லில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டேன்.

“கண்ணுசாமி அண்ணாத்தே, நீயும் சாப்பிடு.”