மிச்சச் சூடு

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பெயர் மிச்சம் அக்கா. யார் வைத்த பெயரோ, அவளுக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. தீர்ந்துபோன பற்பசைக் குழாயைக் கத்தரியால் வெட்டி, அதிலேயே இன்னும் நாலு நாள் பல் விளக்குகிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? தேய்ந்த சோப்புத் துண்டுகளைப் பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து வைப்பாள். சமையல் முடிவதற்கு முன்பே கரண்ட் அடுப்பை அணைத்துவிடுவாள். மீதி வேக்காட்டை அடுப்புத் தட்டே பார்த்துக்கொள்ளும். சமைத்ததை இறக்கிய கையோடு அந்த இடத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் ஏறிவிடும். "அணைச்ச அடுப்புல சும்மா போற சூடுதானே, அதை ஏன் விடணும்?" என்று மாடிப்படியில் எதிர்ப்பட்ட பெண்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, மேலே இருந்த வீடுகளுக்கெல்லாம் அந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்துவிட்டாள். கேலி செய்தவர்கள் கரண்ட் பில் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவளுக்கு ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை. ஒவ்வொரு அறையிலும் வெள்ளைவெளேரென்று ஒரு குளியல் தொட்டி. சற்றுமுன் யாரோ கழுத்துவரை சுடுதண்ணீரில் கிடந்துவிட்டுப் போயிருப்பார்கள்; கண்ணாடியில் ஆவி இன்னும் கலைந்திருக்காது. தொட்டிக்குள் முழங்காலிட்டுத் தேய்க்கிறபோது அவள் மனசு எங்கேயோ போய்விடும். தன் முழங்கால் இரண்டும் தண்ணீருக்கு மேலே குட்டித் தீவுகளாய்த் தெரியும். காது இரண்டும் அமிழ்ந்து, ஊர்ச் சத்தமெல்லாம் வெகுதூரம் விலகிப்போகும். இடுப்பு வலி என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். "என்ன, உள்ளேயே தூங்கிட்டியா?" என்று மேற்பார்வைக்காரி சத்தம் போட்ட பிறகுதான் கையில் பிரஷ் இருப்பது தெரியும்.

ஹோட்டலைப் புதுப்பித்தபோது, விளிம்பு உடைந்த தொட்டி ஒன்றைச் சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். சும்மா என்றால் விடுகிற ஆளா அவள்? பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் நாலு சிநேகிதர்களைப் பிடித்து, முதுகு ஒடிய இறக்கி, தங்கள் கீழ்வீட்டுத் துவைக்கும் அறையில் கொண்டுவந்து வைத்தான்.

"இனிமே நீ மகாராணிதான் போ," என்றான்.

மகாராணி குளித்தாளா? எங்கே! அத்தனை தண்ணீரையும் காய்ச்சினால் மீட்டர் என்ன சுற்றுச் சுற்றும் என்று நினைத்ததுமே அந்த ஆசையை ஓரங்கட்டிவிட்டாள். சரி, நம் வழியில் பார்ப்போம் என்று, தினமும் அணைத்த அடுப்பில் சுட்ட தண்ணீரைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிப் பலகையால் மூடி வைத்தாள். மறுநாள் கையை விட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருந்தது. மேலும் ஊற்றினாள். அதுவும் ஆறிப்போனது. சில்லறை சேர்ந்திருக்கிறது, சோப்புத் துண்டு சேர்ந்திருக்கிறது, பட்டன்கூட டப்பா நிறையச் சேர்ந்திருக்கிறது. இந்தப் பாழாய்ப்போன சூடு மட்டும் சேரவே மாட்டேன் என்றது. கடைசியில் தொட்டிக்குள் வெங்காயக் கூடையும் கம்பி ஒடிந்த குடையும் குடியேறின.

மகள் கைக்குழந்தையோடு வந்து சில மாதம் தங்கப்போவதாகச் சொன்னாள். துவைக்க இடம் வேண்டுமே. பழைய சாமான் வாங்குகிறவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டாள்.

"ஒருநாள்கூட குளிக்கலையே, அதுக்குள்ள ஏன் விக்கிற?" என்றான் புருஷன்.

"இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்குங்க. நமக்கெல்லாம் எதுக்குத் தொட்டி?"

வாய்தான் அப்படிச் சொன்னது. சனிக்கிழமை சாயங்காலம் வெங்காயக் கூடையை வெளியே எடுத்து, ஹோட்டலில் தேய்ப்பது போலவே தொட்டியைத் தேய்த்துத் துடைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, உடுத்திய துணியோடு அந்த வெறும் தொட்டிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்தது. அதையே வெதுவெதுப்பான தண்ணீராக நினைத்துக்கொண்டாள். கழுத்துவரை வந்துவிட்டது. முழங்கால்கள்கூடத் தீவாகிவிட்டன. நாளைக்கு இந்த நினைப்பும் வண்டி ஏறிப் போய்விடும் என்று தோன்றியதும், மூடின கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது.

கண்ணைத் திறந்தபோது வாசலில் புருஷன் நின்றிருந்தான். அப்படியே திரும்பிப் போனான். அவன் செருப்புச் சத்தம் மாடிப்படியில் ஏறுவது கேட்டது. மொட்டைமாடிக்குப் புகைபிடிக்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம், எல்லா வீட்டிலும் சமையல் முடிகிற நேரம். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால், முதல் மாடித் தையல்காரி கைப்பிடித் துணியோடு பெரிய பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் படி நெடுகப் பாத்திரங்கள். நடுவில் பழைய சாமான்காரர். தொட்டியை எடுக்க வந்த மனுஷன் கையிலும் யாரோ ஒரு வாளியைத் திணித்திருந்தார்கள்.

"ஐயோ, என்னங்க இதெல்லாம்? யாரு கேட்டா?" என்று பதறினாள்.

"யாரும் காசு செலவு பண்ணலை," என்றான் புருஷன். "எல்லாம் அணைச்ச அடுப்புத் தண்ணி. நீ சொல்லிக்குடுத்ததுதான். ஒத்தை அடுப்புல சேராதது ஊரு அடுப்புல சேருது. வேண்டாம்னா சொல்லு, சாக்கடையில கொட்டிடறோம்."

"கொட்டவா? நல்லாயிருக்கே!"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் மசிவாள் என்று அவனுக்குத் தெரியும்.

தொட்டி நிறைந்துகொண்டே வந்தது. தையல்காரியின் பாத்திரத்தைத் தாங்கிப் பிடிக்கப் போனவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். தண்ணீரில் கொதி இன்னும் அடங்கவில்லை. அணைத்த அடுப்பு இப்படிக் கொதிக்க வைக்காது. அவளுக்குத் தெரியாதா! நிமிர்ந்து பார்த்தாள். தையல்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆறிடப் போகுதுக்கா, சீக்கிரம்," என்றாள். எத்தனையோ வீட்டில் எத்தனையோ முறை அடுப்பை அணைக்கச் சொன்ன வாய், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். முதலில் பாதம், பிறகு இடுப்பு, பிறகு கழுத்து. முழங்கால் இரண்டும் தீவாக மேலே நின்றன. தலையைச் சாய்த்ததும் காது அமிழ்ந்து, மாடிப்படிச் சிரிப்பெல்லாம் தூரத்துக்குப் போனது. எவ்வளவு நேரமோ, அவளுக்கே தெரியாது.

"தூங்கிட்டியா?" புருஷன் கதவைத் தட்டினான். "பழைய சாமான்காரர் இன்னும் நிக்கிறாரு. என்ன சொல்ல?"

தண்ணீர் அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல்:

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க."

"தொட்டியை எடுக்கவா?"

"இல்லைங்க. வாளி தூக்க."