எட்டு ஐம்பத்தைந்தில் நிறுத்தப்பட்ட கடிகாரம்

அந்த முதலாளி கெட்டவர் என்று முதல் நாளே தெரிந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. அவர் நல்லவராக இருந்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

கீழ்புத்துப்பட்டைத் தாண்டி ஈ.சி.ஆர். ரோட்டின் மேலேயே அவருடைய பழம்பொருள் கடை இருந்தது. இடித்த வீடுகளின் கதவுகள், தூண்கள், பித்தளை விளக்குகள், பாண்டிச்சேரி பிரெஞ்சு வீடுகளிலிருந்து வந்த நாற்காலிகள், கடிகாரங்கள் என்று கடை நிறைந்திருக்கும். வாங்குகிறவர்கள் வெள்ளைக்காரர்களும் சென்னையிலிருந்து காரில் வருகிறவர்களும்தான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. டைப்பிங் ஹையர் முடித்து, கம்ப்யூட்டரும் கற்றிருந்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஆங்கிலத்தில் விவர அட்டை அடித்து வைப்பதும், போட்டோ எடுத்து சேகரிப்பாளர்களுக்கு மெயில் அனுப்புவதும் என் வேலை. மரக்காணத்திலிருந்து காலை பஸ்ஸில் போய் சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். அப்பா உப்பளத்தில் கூலி வேலை செய்தார். அம்மாவும் அங்கேதான் உப்பு சுமந்தாள், 2004 டிசம்பர் வரைக்கும்.

சுனாமி வந்தது ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பண்டிகைக்கு அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். மருமகனுக்கு நல்ல மீனாக வாங்கிவருகிறேன் என்று அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். மூன்றாம் நாள் சவுக்குத் தோப்புக்குள் கிடைத்தாள். அடக்கத்துக்கு முதலாளி வந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் வெயிலில் நின்றார். ஒரு மூட்டை அரிசி இறக்கிவிட்டு, “எப்ப முடியுமோ அப்ப வாம்மா, வேலை எங்கயும் போயிடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அவரை எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

அடுத்த சித்திரையில் அந்தக் கடிகாரம் கடைக்கு வந்தது. பாண்டிச்சேரியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது அலமாரியோடு சேர்த்து வாங்கியதாகச் சொன்னார். பெண்கள் சங்கிலியில் கோத்துப் பதக்கம் போல மார்பில் தொங்கவிடுகிற சின்னக் கடிகாரம். மூடியில் கருநீல எனாமல், அதன்மேல் ரோஜாப் பூங்கொத்தும் ஒரு குருவியும் தீட்டியிருந்தார்கள். விளிம்பைச் சுற்றி கடுகு மாதிரி முத்துகள். அதில் இரண்டு விழுந்துபோயிருந்தன. மூடியைத் திறந்தால் வெள்ளை முகம், தலைமுடி போல மெல்லிய முள்கள். அது ஓடியது. காலையில் கடைக்குள் நுழைந்ததும் அதற்குச் சாவி கொடுப்பதுதான் என் முதல் வேலை. ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் பின்தங்கும், அதைச் சரிசெய்து வைப்பேன். மற்றவர்கள் வீட்டுக் கதவுகளைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். இந்தக் கடிகாரத்தை மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மாதமாகியும் விற்கவில்லை. பழைய கடிகாரங்களைச் சேர்க்கிற ஒருவர் பெங்களூரிலிருந்து வந்து, உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அழகாத்தான் இருக்கு. ஆனா இது மாதிரி எங்கிட்ட ரெண்டு இருக்கு. இதுக்குன்னு ஏதாவது கதை இருக்கா?” என்று கேட்டார். முதலாளியிடம் கதை இல்லை. வந்தவர் போய்விட்டார்.

நாலைந்து நாள் கழித்து, நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“தப்பா நெனச்சிக்காதம்மா. அன்னிக்கு உங்க பக்கம் தண்ணி எத்தன மணிக்கு வந்துச்சு?”

அதுவரை யாரும் என்னிடம் அப்படி நிதானமாகக் கேட்டதில்லை. நான் சொன்னேன். பதினொன்றரை பஸ்ஸுக்கு மாமா கிளம்புவதற்குள் சமைக்க வேண்டும், அம்மாவை இன்னும் காணோமே என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், எட்டு ஐம்பத்தைந்து. அந்த நேரத்தில்தான் தெருவில் சத்தம் கேட்டது, ஆட்கள் ஓடிவந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எழுந்திருக்கும்போது என் டீ ஆறிவிட்டது என்று வேறு டீ சொன்னார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாக இருந்தது. அந்த லேசை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அதே வாரம் இன்னொன்றும் கேட்டார். “உங்கப்பா வேலை செய்ற உப்பளத்துலருந்து ஒரு பாட்டில் தண்ணி கொண்டு வர்றியா? பித்தளை சாமானுக்கு வேணும்.”

அப்பாவிடம் சொன்னேன். “எந்தப் பாத்தித் தண்ணி வேணுமாம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “தேய்க்கறதுக்குன்னா கடைசிப் பாத்தித் தண்ணிதான். உப்பு பூக்கப்போற தண்ணி, எதையும் அரிச்சிடும்” என்று அவரே முடிவு செய்தார். மறுநாள் பாட்டிலை ரொப்பி, வெளியே படிந்த உப்பைத் தன் துண்டால் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய மனிதருக்குத் தன்னால் ஒரு உபகாரம் ஆனதில் அவருக்குச் சந்தோஷம்.

பிறகு கண்ணாடிப் பெட்டியில் கடிகாரம் இல்லை. சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றார். இரண்டு வாரம் கழித்து அதை என் மேஜைமேல் வைத்து, அட்டை அடிக்கச் சொன்னார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. மூடியின் கீலில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. கண்ணாடிக்குள் புகை படிந்தது போல மங்கல். முள்கள் துருவேறி, எட்டு ஐம்பத்தைந்தில் நின்றிருந்தன.

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். சுனாமிக்குப் பிறகு மரக்காணம் கடற்கரை மணலில் கண்டெடுக்கப்பட்டது. ஒரு பிரெஞ்சுக் குடும்பம் மீனவப் பெண் ஒருத்திக்கு அன்பளிப்பாகத் தந்தது என்று நம்பப்படுகிறது. அலை வந்த அதே நிமிடத்தில் நின்றுபோனது. அந்த நிமிடத்தை அடிக்கும்போது என் விரல் நின்றது.

“சார், இது பாண்டிச்சேரி வீட்லருந்து வந்ததுதான?”

“ஆமா. அதனால என்ன? வாங்கறவங்களுக்கு ஒரு கதை வேணும்மா. உங்க ஊரப் பத்தி நாலு பேரு பேசுவாங்க இல்ல?”

நான் பிரிண்ட் கொடுத்தேன். அதை மறைக்க மாட்டேன். அவருடைய ஆங்கிலத்தில் இருந்த ஒரு தப்பைக்கூடத் திருத்தித்தான் கொடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம், அரிசி மூட்டைக்கான நன்றி, சொன்னதை அடித்துப் பழகிய கை என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். எதையும் நானே ஏற்றுக்கொள்ளவில்லை.

கடையின் பின்பக்கம் பாலிஷ் வேலை செய்கிற பாய் இருந்தார். கூனிமேட்டுக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போய்க் கேட்டேன்.

“பாய், அந்த வாட்ச்ச யாரு இப்படிப் பண்ணது?”

“நான்தாம்மா. நீ கொண்டாந்த பாட்டில் தண்ணியிலதான் போட்டேன். நாலு நாள் ஊறணும்னாரு. ரொம்பப் பழசா தெரியணும்னு சொன்னாரு.”

அட்டையில் இருந்ததை அவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். “இதுக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது” என்றார். எனக்கும் தெரியாதுதானே, பாட்டிலைக் கொண்டுவரும்போது.

இரண்டு நாள் கழித்து சென்னையிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கணவரும் கடிகாரம் சேர்க்கிறவர்தான். மெயிலில் போட்டோ பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்த அம்மா அட்டையை வாய்விட்டுப் படித்தார். கண் கலங்கியது. “யாரு போட்டிருந்ததோ, பாவம்” என்றார்.

முதலாளி என்னைக் கை காட்டினார். “நம்ம பொண்ணு அந்த ஊருதான் மேடம். இவங்கம்மா அந்தத் தண்ணியிலதான் போனாங்க. இவளையே கேளுங்க.”

அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். காலிலிருந்து தலைவரைக்கும் எனக்குக் கொதித்தது. ஆனால் பேசும்போது குரல் ஏறவில்லை.

“இது போன மாசம் வரைக்கும் ஓடிட்டிருந்துச்சு மேடம். தெனமும் நான்தான் சாவி குடுப்பேன். உப்புத் தண்ணியில ஊறப்போட்டு நிறுத்திட்டாங்க. எட்டு அம்பத்தஞ்சு நான் சொன்ன நேரம். எங்கம்மாகிட்ட வாட்ச்சே கெடையாது.”

முதலாளி சிரித்தார். “அவளுக்கு இன்னும் மனசு சரியாகல மேடம். அம்மா போன துக்கம்.”

கடிகாரம் வந்தபோது நான் அடித்த பழைய அட்டை என் டிராயரில் இருந்தது. பெண்கள் அணியும் பதக்கக் கடிகாரம், எனாமல் வேலைப்பாடு, நன்றாக ஓடும் நிலை. அதை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் கணவர் வாங்கிப் படித்தார். பையிலிருந்து ஒரு சின்ன பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்து, கடிகாரத்தின் உட்புறத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார், முதலாளியைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“கதை இல்லன்னா வெலையக் கொறைங்க” என்றார். “மெஷின் போயிடுச்சா, ரிப்பேர் பண்ணலாமா?”

அந்த அம்மா மெதுவாக என் கையை விட்டுவிட்டார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முதலாளி வாசல்வரை பின்னாலேயே வந்தார். அவருக்கு நிஜமாகவே மனசு புண்பட்டிருந்தது, முகத்தில் தெரிந்தது. “நான் ஒனக்கு என்னம்மா கொறை வெச்சேன்? உங்கம்மா செத்தப்ப யாரு வந்து நின்னது?”

“நீங்கதான் சார். அதனாலதான் கேட்டதும் சொன்னேன்” என்றேன்.

வேலையை விட்டுவிட்டேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றுதான் வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்தேன். ஆனால் அவர் முழங்கால்வரை உப்பு வெளுத்த காலோடு வந்து உட்கார்ந்து, “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

“நான் ரொப்பிக் குடுத்த தண்ணியா?” என்று கேட்டார். மறுநாள் உப்பளத்துக்குப் போகாமல் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு, “வா, போலாம்” என்றார்.

கடை வாசலிலேயே நின்றார். முதலாளி வெளியே வந்து, “உள்ள வாங்க, உக்காருங்க” என்று நாற்காலி போடச் சொன்னார்.

“உக்கார வரலீங்க. எம்பொண்ணு கையில தண்ணி குடுத்து அனுப்புனது நான். எதுக்குக் கேட்டீங்கன்னு ஒங்க வாயால சொல்லுங்க.”

“பித்தளை தேய்க்கத்தாங்க. அவதான் எதையோ தப்பா புரிஞ்சிக்கிட்டா.”

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி ரோட்டைப் பார்த்து நடந்தார். அடிப்பார், கத்துவார் என்று நான் பயந்திருந்தேன். கத்தியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. பஸ்ஸில், மரக்காணம் வரப்போகும்போது, “கண்ணப் பாத்து பொய் சொல்றான்ம்மா” என்றார். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தன் தண்ணீரை வைத்து யாரோ தன் பெண்டாட்டியின் சாவை வியாபாரம் செய்ததற்குத் தானும் ஒரு கை கொடுத்ததாக அவர் நினைத்தார். இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை.

வானூரில் தாலுகா ஆபீஸுக்குப் பக்கத்தில் மனு அடித்துக்கொடுக்கிற கடையில் எனக்கு வேலை கிடைத்தது. 2006 கோடையில் ஒருநாள் பஸ்ஸில் பாலிஷ் பாய் ஏறினார். அவரும் அந்தக் கடையை விட்டுவிட்டு பாண்டிச்சேரியில் வேலை செய்வதாகச் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் தயங்கித் தயங்கி, அந்த வாட்ச் விற்றுவிட்டது என்றார்.

“அந்த மெட்ராஸ்காரருதாம்மா வாங்கனாரு. மறுபடி தனியா வந்தாரு. மெட்ராஸ்லயே ரிப்பேர் பண்ணிட்டாராம், ஓடுதாம்.”

“அட்டை?”

பாய் ஜன்னல் பக்கம் பார்த்தார். “அதையும் கேட்டு வாங்கிட்டுப் போனாரும்மா.”

பொய் என்று என் வாயால் கேட்ட மனிதர். பழைய அட்டையைத் தன் கையில் பிடித்துப் படித்தவர். சென்னையில் ஏதோ ஒரு வீட்டில், விருந்தாளிகள் வரும்போது அவர் அந்த மூடியைத் திறந்துகாட்டி, அலையில் கிடந்தும் மறுபடி ஓடுகிற கடிகாரம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். மன்னிக்கப் பழக வேண்டும் என்று எங்கள் மாதா கோயில் சாமியார் ஒருமுறை சொன்னார். எதை மன்னிக்கச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் மன்னிக்கவில்லை.