லிசாந்த்ரோ சொன்ன அவுட்

லிசாந்த்ரோ பல்தொதானோ நிக்கராகுவாவின் ஹினோதெப்பே ஊரில், காபி ஆலையில் எடை போடுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்பால் அம்பயர். இரண்டு வேலைக்கும் ஒரே தகுதிதான் வேண்டும்: எதிரே நிற்பவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. முப்பத்தோரு வருஷம் அவர் பார்க்கவில்லை. அதனால் ஊரில் அவருக்கு மரியாதை அதிகம், நண்பர்கள் குறைவு.

நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களில் நிற்க அனுமதி பெற்றவர் அவர். அதில் ஒரு விதி உண்டு. சொந்த நாடு ஆடும் ஆட்டத்தில் எந்த அம்பயரும் நிற்க முடியாது. நியாயமான விதிதான், விளைவுதான் கொஞ்சம் விசித்திரம். நிக்கராகுவா நன்றாக ஆடினால் அவர் பார்வையாளர், சொதப்பினால்தான் அவருக்கு வேலை. இறுதி ஆட்டத்தில், ரன் எடுக்க ஓடி வந்து தொட வேண்டிய ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், தலைமை அம்பயராக நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் வாய்விட்டுச் சொன்ன ஆசை. இரண்டு முறை அது கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. இரண்டு முறையும் நம் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடி, இறுதிக்குப் போய், அதைக் கெடுத்தார்கள். போன இடத்தில் இரண்டு முறையும் தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது முறை போட்டி மனாகுவாவிலேயே நடந்தது. அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. அறுபதானால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். நிக்கராகுவா இறுதிக்கு வராத பட்சத்தில் பல்தொதானோ ஹோம் பிளேட்டில் நிற்பார் என்று போட்டிக் குழு அறிவித்தது. செய்தித்தாள் அதைக் கட்டம் கட்டிப் போட்டது. போடாமல் இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை அரையிறுதி, பனாமாவோடு. ஊரிலிருந்து ஒரு பஸ் நிறையப் போனோம். மருந்துக்கடை ஃபெர்மின் பின்சீட்டிலிருந்து ஆரம்பித்தார். அவர் மகளுக்கு லிசாந்த்ரோதான் ஞானத்தகப்பன். அந்த உரிமையில் ‘கொம்பாத்ரே’ என்று உறவு சொல்லி எதையும் கேட்பார்.

“கொம்பாத்ரே, இன்னிக்கி நீங்க யாரு பக்கம்? சும்மா சொல்லுங்க, பஸ்ஸுல எல்லாம் நம்ம ஆளுங்கதான்.”

லிசாந்த்ரோ ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் அவர் மனைவி நூபியாவிடமிருந்து வந்தது: “அவரு ஜன்னல் பக்கம். நீ வாய மூடிக்கிட்டு உன் சீட்டுப் பக்கம் இரு.”

பஸ் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது பேஸ் பக்கம், ஆறாவது வரிசையில் இடம் கிடைத்தது. மடியில் வைத்த விகோரோன், மரவள்ளிக் கிழங்கும் பன்றித்தோல் வறுவலும், ஆறிப் போனது. அதில் ஒரு துண்டுக் கிழங்குகூட அவர் எடுக்கவில்லை. அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். நூபியா இருவருக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், கடைசி. நாங்கள் ஒரு ரன் பின்னால், இரண்டு அவுட்; மூன்றாவது விழுந்தால் தோல்வி. இரண்டாவது பேஸில் நின்ற நம் ரன்னர், பந்து இடது பக்கம் பறந்ததும் ஓடத் தொடங்கினான். மூன்றாவதைச் சுற்றி, தலைகுப்புற வருவது போல் வந்து, ஹோம் பிளேட்டை நோக்கிக் காலை நீட்டிச் சறுக்கினான். பந்தும் கேட்சரின் கிளவுஸுக்கு வந்தது. கால் முதலில் பிளேட்டைத் தொட்டால் சேஃப், கிளவுஸ் முதலில் அவனைத் தொட்டால் அவுட். புழுதி எழுந்தது. போர்ட்டோ ரிக்கோ அம்பயர் குனிந்து பார்த்து, முஷ்டியை உயர்த்தினார். அவுட். ஆட்டம் முடிந்தது.

இருபதாயிரம் பேரும் சேஃப், சேஃப் என்று கத்தினார்கள். தொலைக்காட்சியின் ஒரே கேமரா அந்த நேரத்தில் அம்பயரின் அகன்ற முதுகைப் படம் பிடித்திருந்தது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் எங்களுக்குக் கேமரா எதற்கு? அம்பயரே எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஃபெர்மின் லிசாந்த்ரோ பக்கம் திரும்பினார். கூடவே முன்வரிசை, பின்வரிசை எல்லாம் திரும்பியது.

“கொம்பாத்ரே, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல. சேஃப்தானே?”

வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் எல்லோர் கண்ணிலும் அடித்தது. நூபியா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அவுட்,” என்றார் லிசாந்த்ரோ. “கிளவுஸ் முழங்கால்ல பட்டுது. அதுக்கப்புறந்தான் கால் வந்துது.”

“அவுட்டாத்தான இருந்தாகணும்,” என்றார் ஃபெர்மின் மெதுவாக. “ஞாயித்துக்கெழம வேல இருக்குல்ல.”

திரும்பும் பஸ்ஸில் நூபியா முன்னால் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் பக்கத்து இடம் ஊர்வரை காலியாகவே வந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்.

மறுநாள் ஆலையில், இருபது வருஷமாகத் தராசு முள்ளைத் திரும்பியும் பார்க்காத திரான்சிதோ என்ற விவசாயி, மூட்டையை இன்னொரு தடவை ஏற்றச் சொன்னார். ஏற்றினார்கள். அதே எடைதான். திரான்சிதோ தலையாட்டிவிட்டுப் போனார். அன்று மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்த லிசாந்த்ரோ, இறுதி ஆட்டம் வேண்டாம் என்று போட்டிக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். நூபியா அதை எடுத்துப் படித்தாள். ஆட்டத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அப்போதுதான்.

“இத அனுப்பிட்டா நம்பிருவாங்களா?”

அவர் யோசித்தார். “இல்ல. நின்னா, இதுக்காகத்தான் சொன்னான்னுவாங்க. நிக்கலன்னா, குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குதும்பாங்க.”

“எனக்கும் அவுட்டுன்னுதான் தெரிஞ்சுது,” என்றாள் நூபியா.

“அப்பறம் ஏன் சேஃப்னு கத்துன?”

“நான் அம்பயர் இல்லயே.”

அதைத் தெருவில் போய்ச் சொல்வதாக அவள் சொல்லவில்லை. சொல் என்று அவரும் கேட்கவில்லை. கடிதத்தை இரண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கியூபாவும் பனாமாவும் ஆடின. மைதானத்தில் பாதிக்கு மேல் காலி. எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் டிக்கெட் வாங்கி வந்ததே சீட்டியடித்து அவரை அவமானப்படுத்தத்தான். ஹோம் பிளேட் அம்பயர் பெயரை ஒலிபெருக்கி சொன்னதும் அடித்தார்கள். நான் அடிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. ஆறாவது வரிசையில் அவருக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருந்தவன் நான். முழங்காலில் கிளவுஸ் பட்டதை நானும் பார்த்தேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பது ஒரு வசதி.

எட்டாவது இன்னிங்ஸில் ஒரு கியூபாக்காரன் ஹோம் பிளேட்டில் சறுக்கினான். மயிரிழை வித்தியாசம். லிசாந்த்ரோ முகக்கவசத்தைக் கழற்றி, ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிப் பார்த்து, முஷ்டியை உயர்த்தினார். அந்தப் பையன் எழுந்தான், மண்ணைத் தட்டினான், ஒரு வார்த்தை பேசாமல் போனான். கியூபாவின் மேலாளர்கூட இடத்தை விட்டு எழவில்லை.

அன்று அவரை நம்பியவர்கள் எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள். நூபியாவும் நானும் தவிர.