மாமா எடுத்துக்கொண்ட ஏப்பம்

எங்கள் குடும்பத்தில் தலைவலி, முதுகுவலி, தோள்பட்டை வலி எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: கேஸ். இவ்வளவு சின்ன விஷயத்தை டாக்டர்கள் ஏன் இத்தனை வருடம் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், பிரியாணி சாப்பிட்ட கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

“அம்மிக்கல்ல தூக்கி வெச்ச மாதிரி இருக்கு.”

“கேஸ்தான் மச்சான்,” என்று அப்பா அந்த நொடியே தீர்ப்பு சொல்லிவிட்டு, ஜிஎஸ்டி ரோட்டுக்கு ஓடி சோடா வாங்கிவந்தார். மாமாவோடு வந்திருந்த அத்தை மோரில் பெருங்காயம் கரைத்தாள். மாடிவீட்டு அக்கா சுட்ட பூண்டோடு இறங்கிவந்தாள்.

அம்மா மட்டும், “இடது கையும் வலிக்குதுங்கறியே அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா,” என்றாள்.

“கேஸ் அங்கயும் போவும். ஒரு ஏப்பம் வந்தா சரியாயிடும், நீ சும்மா இரு,” என்றார் மாமா.

அதன்பிறகு வீடே ஓர் ஏப்பத்துக்காகக் காத்திருந்தது. டிவியை அணைத்தார்கள். அத்தை கண்ணை மூடி முணுமுணுத்தாள். மிச்ச சோடாவை சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் காலிசெய்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

வந்தது. தாம்பரம் ஸ்டேஷனில் நின்றவர்கள் ரயில் வருகிறதென்று பையை எடுத்திருப்பார்கள்.

“வந்துடுச்சு!” என்று அத்தை கைகூப்பினாள். சோடாவையே கண்டுபிடித்தவர் மாதிரி அப்பா எல்லோரையும் பார்த்தார். மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டு, “ஆமா, போயிடுச்சு. இப்ப பரவால்ல,” என்று சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளியில் ஒரு சோப்புப் பெட்டிகூடப் பரிசாக வாங்காதவன் நான். வாழ்க்கையில் செய்த ஒரே சாதனை, அதற்கும் ஆள் வந்துவிட்டதே!

“அது என்னோடது! மாமா பொய் சொல்றாரு!”

அப்பா என் தலையில் ஒன்று வைத்தார். அம்மா மாமாவின் சட்டையைப் பார்த்தாள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் அது தொப்பலாக நனைந்திருந்தது.

“அண்ணா, ஏப்பம் விட்டது நீயா, அவனா?”

மாமா தரையைப் பார்த்தார்.

“ஆட்டோ கூப்பிடுங்க. இனிமே யாராவது கேஸ்னு சொன்னீங்க, சிலிண்டரத் தூக்கித் தலையில போட்டுடுவேன்.”

ஆட்டோவில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சில்லென்று ஈரமாக இருந்தது. திருட்டுக் கை என்று, விடுபட்டதும் டவுசரில் துடைத்துக்கொண்டேன்.

ஈசிஜி பார்த்த டாக்டர் எரிந்து விழுந்தார். “ஹார்ட் அட்டாக்குங்க இது! கேஸா இல்லையான்னு நாங்க சொல்லணும். இன்னும் கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா?” ஏனோ கையோடு கொண்டுவந்திருந்த இன்னொரு சோடா பாட்டிலை அப்பா முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

மாமா பிழைத்து வீடு திரும்பிய பிறகும் நான் முகம்கொடுத்துப் பேசவில்லை. பெரியவர்களுக்குப் பயம் வந்தால் அழுவார்கள், இல்லையென்றால் கத்துவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்திலிருக்கும் பையனின் ஏப்பத்தை எடுத்துக்கொண்டு, ‘பரவால்ல’ என்று சிரிப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.