சுவாமியிடம் வாங்கிய டம்ளர்

நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன். சைக்கிள் கேரியரில் பாத்திரம் கட்டிக்கொண்டு பள்ளிப்பட்டு வரை மிதித்து விற்றவன், திருத்தணி பஜாரில் இரண்டு மாடி பாத்திரக்கடை வைத்தேன் என்றால் அது என் உடம்பால் சம்பாதித்தது. எவனும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. பஜாரில் முதல் கம்ப்யூட்டர் வாங்கியதும் நான்தான். அதைச் சொல்லிச் சொல்லியே பாதிப் பேரை வெறுப்பேற்றினேன்.

அதற்கு பில் போடும் புரோகிராம் எழுதித் தந்தவர் ஆர்.கே.பேட்டை நெசவுக் குடும்பத்துக்காரர். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. “என் ஆளு” என்று கடை கடையாக நான்தான் அவரைக் கூட்டிப்போனேன். பஜார் கடைகளின் பில் வேலையே அவர் கைக்கு வந்தது. வேறு வருமானம் அவருக்கு இல்லை.

வாட் வரி வந்தது. பிறகு மாதக் கணக்கைக் காகிதத்தில் தரக்கூடாது, கம்ப்யூட்டர் வழியாகத்தான் அனுப்பவேண்டும் என்றார்கள். அவரும் புரோகிராமை அதற்கேற்ப மாற்ற உட்கார்ந்தார். முதலில் என் கடையில்.

எனக்கு ஒரு பழக்கம். மாதம் பிறந்ததும் ஒரு டம்ளரை மலைக்கு எடுத்துப்போய் சந்நிதியில் வைத்து வாங்கி, நூற்றியொரு ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டு வருவேன். அந்த மாதக் கொள்முதலில் முதல் பதிவு அதுதான்: சுவாமியிடம் வாங்கியது, டம்ளர் ஒன்று. நோட்டில் எழுதிய காலத்தில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

“மொதலாளி, யார்கிட்ட வாங்குனோமோ அவங்க வரி நம்பர் கேக்குதுங்க. சுவாமிக்கு நம்பர் ஏதுங்க? கோயில் செலவுன்னு தனியா எழுதிக்கலாம்.”

“இன்னாய்யா பேசற? அவரு தயவுலதான் நான் இங்க குந்திகினு இருக்கேன். அவர செலவுல எழுதுவியா?”

“மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதுங்களே.”

“தெரிய வை. என் நம்பரையே போடு. அவரு வேற, நான் வேறயா?”

“தப்பாப் பூடுங்க.”

“எனக்கே யாவாரம் சொல்லித் தர்றியா நீ?”

இப்படியே இரண்டு நாள் அவரை நகரவிடவில்லை. கடைசியில் என் நம்பரைப் போட்டு, மாதாமாதம் அந்தப் பதிவு தானாக முதலில் வருகிற மாதிரி எழுதிக் கொடுத்தார். அதற்குள் கணக்கு அனுப்பக் கடைசி நாள் வந்துவிட்டது. என் கடையில் மாற்றியதை அப்படியே சிடியில் ஏற்றிக்கொண்டு மற்றக் கடைகளுக்கு ஓடினார். எனக்காக எழுதியதை அதிலிருந்து எடுக்க அந்த அவசரத்தில் மறந்துபோனார்.

சில வாரத்தில் கடைக்குக் கடை கடிதம். மருந்துக்கடை, உரக்கடை, சிமென்ட் கடை எல்லாரும் என்னிடம் ஒரு டம்ளர் வாங்கியதாகக் கணக்குப் போயிருக்கிறது. நான் விற்றதாக என் கணக்கில் இல்லை. நேரில் வந்து விளக்கம் சொல்லவேண்டும். என் கடிதம் இன்னும் அழகு. நானே எனக்கு விற்றிருக்கிறேன்.

சிமென்ட் கடைக்காரர் என் மனைவியின் தம்பி. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“பாவா, நான் எப்போ உங்ககிட்ட டம்ளர் வாங்குனேன்? தண்ணி கேட்டாக்கூட சொம்ப எண்ணிக் குடுக்குற ஆளாச்சே நீங்க!”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அன்றோடு சரி. வரி ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றுவிட்டு வந்தவர்கள் எல்லாரும் புரோகிராம் எழுதியவர்மேல் பாய்ந்தார்கள். அவர் வாயைத் திறந்து என் பெயரைச் சொல்லவில்லை. அவரை நிறுத்திவிட்டு மெட்ராஸ் கம்பெனி புரோகிராம் வாங்குவது என்று வியாபாரிகள் கூட்டம் போட்டார்கள்.

எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேச எனக்கு என்றைக்கும் நாக்கு குழறியதில்லை. அன்றைக்குக் குழறியது.

“அந்தாளு மேல தப்பு இல்ல. வேணாம் வேணாம்னாரு. நான்தான் மெரட்டிப் போட வெச்சேன்.”

மைத்துனர் கைதட்டினார்.

“பாத்தீங்களா எங்க பாவா மனச! தான் கூட்டிகினு வந்த ஆளுன்னு பழிய தன் தலைமேல போட்டுக்குறாரு. கணக்குல இவரு தப்பு பண்ணுவாருன்னா யாராச்சும் நம்புவீங்களா?”

யாரும் நம்பவில்லை. இத்தனை வருஷம் என்னைப் பற்றி நானே சொல்லிவைத்ததை அவர்கள் நம்பியிருந்தார்கள். “நெசமாத்தான்யா” என்று கத்தினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஒருவர் சால்வையே போர்த்தினார். மெட்ராஸ் கம்பெனிக்குப் பேசிமுடித்தார்கள்.

வெளியே செருப்புக் குவியல் பக்கத்தில் புரோகிராம்காரர் நின்றிருந்தார்.

“சொன்னேம்பா. நம்பல.”

“ஆங், கேட்டுகினுதாங்க இருந்தேன்.” என் தோளைப் பார்த்தார். “சால்வை நல்லாருக்குங்க.”

கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் குடும்பத்தோடு திருப்பதி பக்கம் வேலைக்குப் போய்விட்டார். நான் மட்டும் அவர் புரோகிராமை விடவில்லை. கணக்கு அனுப்பும் நாளில் பஸ் பிடித்து வந்துவிடுவார். டீ சொல்லிவிட்டு, அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து தட்டிமுடிக்கிறவரை நான் மாடிக்குப் போய், ஏற்கெனவே அடுக்கிய பாத்திரங்களை இறக்கித் திரும்ப அடுக்கிக்கொண்டிருப்பேன்.