மடங்காத ஷூ

செருப்புக் கடைகள் வரிசையாக இருந்த அந்தத் தெருவில், பெண்கள் தேடிப் போனது முனைக் கடையைத்தான். அங்கே வேலை பார்த்தவளுக்கு 'அளவுக்காரி' என்று பட்டப்பெயர். உள்ளே நுழைபவரின் காலை ஒரு பார்வை பார்ப்பாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். வந்தவர் உட்கார்ந்ததும், குதிகாலைத் தூக்கி விரல்களில் பாரத்தைப் போட்டு அவர் முன்னால் குந்துவாள். செருப்பின் முன்பக்கத்தை இரண்டாக மடித்துக் காட்டி, "பாருங்க, எப்படி வளையுதுன்னு! கால் நோகவே நோகாது" என்பாள். அதற்குமேல் யாரும் பேரம் பேசியதில்லை.

அவளும் நாள் முழுக்க ஹீல்ஸில்தான் நிற்பாள். "நம்ம கடைப் பொண்ணுங்க கால்தான் நமக்கு விளம்பரம்" என்பது முதலாளியின் கட்டளை. கட்டளையே இல்லாவிட்டாலும் அவள் அதைத்தான் போட்டிருப்பாள். குள்ளமான உடம்பு, ஹீல்ஸ் மாட்டினால்தான் அவளுக்கு மனசுக்குள் நிமிர்வு வரும்.

நாற்பத்தைந்தைத் தாண்டிய வயதில் வலது கால் கட்டைவிரல் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால், விரலின் அடிமூட்டில் சுருக்கென்று வலிக்கும். கொஞ்சம் நடந்தால் சரியாகும். புதுச் செருப்பு பழக வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மூட்டின் மேல் பட்டாணி அளவில் ஒரு மேடு கிளம்பியது. விரலை மேலே தூக்கப் பார்த்தால் பாதியில் நின்றுகொண்டது.

அவள் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். காலை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரிங் தேய்ஞ்சு போச்சு போல இருக்கே."

"என்னை என்ன பஸ்ஸுன்னு நினைச்சீங்களா? தைலத்தைத் தடவுங்க, போதும்."

தங்கையோ போனிலேயே வைத்தியம் பார்த்தாள். "அக்கா, இது யூரிக் ஆசிட்டேதான். எங்க மேனேஜருக்கும் இதே விரல்தான். கறி, மீன் எல்லாத்தையும் நிறுத்து."

நிறுத்தினாள். வீட்டில் தனித்தனியாகச் சமைக்க முடியாது என்று கணவருக்கும் நிறுத்தினாள். ஒரு பாவமும் அறியாத அந்த மனுஷன், தட்டில் விழுந்த சுரைக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு சாப்பிட்டார். விரல் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

கடையில் அவள் மூச்சு விடவில்லை. நிற்க முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டுவிட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு, பாதத்தின் வெளி ஓரத்தில் எடையைப் போட்டு நடந்தாள். அதனால் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து வலித்தன.

ஒருநாள் பருமனான ஓர் அம்மாள் ஷூ வாங்க வந்தார். அளவுக்காரி குந்தி, நாடாவைக் கட்டிவிட்டாள். எழுந்திருக்கப் போனால் உயிர் போகிற வலி. பிடிக்க எதுவும் கிடைக்காமல் அந்த அம்மாளின் முழங்காலையே கட்டிக்கொண்டாள்.

"ஐயையோ, என்னம்மா இது? காலை விடும்மா! நான் வாங்கிக்கறேன், வாங்கிக்கறேன்!" என்று அவர் பதறினார்.

பில் போடும் பெண் ஓடி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கடையே சிரித்தது. அளவுக்காரியும் சிரித்து வைத்தாள். ஆனால் பெட்டி எடுக்கிற சாக்கில் கிடங்குக்குள் போனவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம்தான் எலும்பு டாக்டரிடம் போனாள், கணவரையும் அழைத்துக்கொண்டு. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் முடிந்தபின், டாக்டர் அம்மா விரலை மெல்ல மேலே வளைத்தார். "இங்கயா?"

"அம்மா!"

"இங்கதான்." எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும். உங்களுக்கு அது தேய்ஞ்சிருக்கு. ஓரத்துல எலும்பு வளர்ந்து, விரல் மேல வர்றப்ப முட்டுது. மூட்டுத் தேய்மானம்தான்."

"யூரிக் ஆசிட் இல்லையா டாக்டர்?"

"அது பெரும்பாலும் திடீர்னு நெருப்பா சிவந்து வீங்கும். உங்களுக்கு அப்படி வரலை. ரத்தப் பரிசோதனையும் சரியாதான் இருக்கு."

கணவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "அப்ப கறி சாப்பிடலாமா?"

டாக்டர் அம்மா சிரித்துவிட்டு மறுபடி இவள் பக்கம் திரும்பினார். "தேய்ஞ்சது திரும்ப வளராதும்மா. ஆனா வலியை அடக்கி வைக்கலாம். ஒவ்வொரு அடிக்கும் அந்த விரல் மடங்கித்தான் ஆகணும். அந்த வேலையை ஷூ வாங்கிக்கணும். அடி கெட்டியா, வளையாம, படகு மாதிரி முன்னால தூக்கி இருக்கணும். விரலுக்கு அகலமா இடம் வேணும். வீங்கினா துணியில சுத்தி ஐஸ் வைங்க. விரல்ல பாரம் போட்டுக் குந்தறதை விடுங்க. இதுக்கும் கேக்கலைன்னா ஊசி, ஆபரேஷன்னு யோசிப்போம்."

"ஹீல்ஸ்?"

"அதுல பாரம் முழுக்க அந்த மூட்டுலதான் விழுது. இனிமே வேணாம்மா."

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் கடைக்குப் போனாள். பெண்கள் பிரிவில் ஒவ்வொரு ஜோடியாக எடுத்து மடித்துப் பார்த்தாள். எல்லாம் சொல்லி வைத்தாற்போல் வளைந்தன. இத்தனை வருஷமும் எதைக் காட்டி விற்றாளோ, அது இப்போது அவளுக்கு ஆகவில்லை. கடைசியில் ஆண்கள் பிரிவின் அடித்தட்டில், மலையேறுபவர்களுக்கான சாம்பல் நிற ஷூ ஒன்று கிடைத்தது. இரண்டு கையாலும் அழுத்தினாள்; அசையவில்லை. இருந்ததிலேயே சின்ன அளவை மாட்டிக்கொண்டு நடந்தாள். பாதம் உருண்டு முன்னே போனது. விரல் மடங்கவில்லை. வலி முழுக்கப் போகவில்லைதான்; ஆனால் அந்தச் சுருக் இல்லை. கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள். கண்ணாடியில் பார்த்தால் கட்டட வேலைக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள்.

முதலாளி வந்து அவள் காலைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "என்னம்மா இது, லாரி டயர் மாதிரி?"

அவள் எக்ஸ்ரேயை மேஜையில் வைத்தாள். "சார், இனிமே ஹீல்ஸ் என்னால முடியாது. குந்தவும் முடியாது. குட்டையா ஒரு ஸ்டூல் கொடுத்தா உட்கார்ந்தே பார்த்துக்கறேன். முடியாதுன்னா சொல்லிடுங்க." பார்வையை இறக்கவில்லை.

அவர் எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "முன்னாடியே வாயைத் திறந்திருக்கக் கூடாதா? அன்னைக்கு அந்தம்மா காலைப் பிடிச்சப்ப, நீ ஏதோ மரியாதை பண்றேன்னுல்ல நினைச்சேன்" என்றார். சாயங்காலம் ஸ்டூல் வந்தது. ஆனால் ஷூவின் மேல் அவருக்கிருந்த வருத்தம் போகவில்லை. பெரிய வாடிக்கையாளர் வந்தால், "நீ கவுண்டருக்குப் பின்னால நில்லும்மா" என்பார். அவளும் நிற்பாள்.

அதோடு எல்லாம் ஒழுங்காகிவிடவில்லை. தங்கை வீட்டு விருந்துக்கு, ஒரு சாயங்காலம்தானே என்று சிவப்பு ஹீல்ஸை மாட்டிக்கொண்டு போனாள். அடுத்த சில நாள் ஐஸும் கையுமாகக் கிடந்தாள். பிறகு அந்த ஜோடியைத் தங்கையிடமே கொடுத்தாள். "நீ போட்டுக்கோ. ஆனா ரொம்ப நேரம் நிக்காத" என்று லேசாகச் சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை, ஹீல்ஸ் இருந்த காலிப் பையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மறு பரிசோதனையில் டாக்டர் அம்மா விரலை வளைத்துப் பார்த்து, "ஆபரேஷன் பத்தி யோசிச்சீங்களா?" என்றார்.

"இப்ப வேணாம் டாக்டர். ஓடுது."

"ஓடற வரைக்கும் ஓடட்டும். ஓடலைன்னா உடனே வாங்க."

வெளியே வந்தபோது கணவர் ஆட்டோவைக் கை காட்டப் போனார். அவள் தடுத்தாள். "மார்க்கெட் பக்கம்தானே? நடந்தே போவோம். வழியில காய் வாங்கணும்."

"சுரைக்காய் மட்டும் வேணாம்" என்றார் அவர்.

அவள் முன்னால் நடந்தாள்.