மூன்றாம் முறை கூப்பிட்டபோது

குருசுமுத்துவைப் போல மனைவியைக் கொண்டாடியவன் ஊர்காவற்றுறையில் வேறு யாரும் இல்லை. நல்ல மீனை அவளுக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தை விற்கக் கொடுப்பான். ஜசிந்தாவும் லேசுப்பட்டவள் அல்ல. வேலிக்கு அப்பால் நின்று என்னோடு ஓயாமல் கதைப்பாள். அவன் வலையைத் தோளில் போட்டதும் வாயை மூடிவிடுவாள். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் அவன் திரும்பக் கூடாது. எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் அந்த வேலியடியிலேயே போய் நின்றுவிடுகிறது.

எண்பத்துமூன்று மாசியில் ஒருநாள் இருவருக்கும் சண்டை. மறுநாள் காலை அவன் வலையோடு இறங்க, அவள் வாசல் படலையில் நின்று மூன்று தரம் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. பின்னேரம் அவன் கரைக்கு வந்தபோது அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியவில்லை.

தற்கொலைக்குத் தூண்டினான் என்று வழக்கு. பக்கத்து வீட்டுக்காரி என்று என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

"அவர் திரும்பினவரோ?"

"இல்லை ஐயா."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்ததை வேலைமெனக்கெட்டு யார் சொல்வார்? நானும் மடைச்சி மாதிரி இறங்கி வந்துவிட்டேன். கல்நெஞ்சக்காரன் என்று அவனை மறியலுக்கு அனுப்பிச் சிறையில் அடைத்தார்கள்.

அப்பீலில் அவனுக்காக வாதாடிய கொழும்பு அப்புக்காத்து பழைய சாட்சியங்களைக் கிளறி, வள்ளச் சொந்தக்காரர் சம்மாட்டி இராயப்பு சாட்சி சொல்லும்போது போகிற போக்கில் சொன்ன ஒரு வரியைப் பிடித்தார். "கடலுக்குப் போறவன் திரும்பிப் பாக்கிறேல்லை ஐயா." திரும்பாதது ஊர் வழக்கம், தூண்டுதல் அல்ல என்று எண்பத்தாறில் அவனை விடுதலை செய்தார்கள்.

வந்தவன் யார் கூப்பிட்டாலும் திரும்பினான். வள்ளத்தடியிலும் திரும்பினான். அதனால் ஒருவரும் அவனைக் கடலுக்குக் கூட்டிப்போகவில்லை. கரையிலிருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்தினான்.

தொண்ணூறில் யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தபோது ஒரே வள்ளத்தில் போனோம். அப்போதுதான் கேட்டான்.

"அக்கா, கடைசித்தரம் கூப்பிடேக்கை அவள் அழுதவளோ?"

கோட்டுக் கூண்டில் யாரும் கேட்காத கேள்வி. அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

"இல்லையடா தம்பி. சும்மாதான் கூப்பிட்டவள்."

வேதப்புத்தகத்தில் கைவைத்து நான் சொன்ன உண்மை அவனை மறியலுக்கு அனுப்பியது. இந்தப் பொய்யை மட்டும் எந்தச் சுவாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல மாட்டேன்.